9 மாதத்தில் எம்.ஆர். போட்டாச்சு, 16 மாதத்தில் அதே ஊசி மறுபடி எதற்கு?

கரிசல்காடு
3 ஜூன், இரவு 9.12

பையனுக்கு 9 மாசத்துல தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாச்சு. இப்ப 16 மாசம். நர்ஸம்மா புதன்கிழமை மறுபடி அதே ஊசிக்கு வரச் சொல்றாங்க. அதே மருந்து, அதே அளவு. முதல் ஊசி வேலை செஞ்சா ரெண்டாவது தேவையில்லை. வேலை செய்யலைன்னா முதல்ல ஏன் போட்டாங்க? எங்க ஊர்ல தட்டம்மையைப் பார்த்தே பல வருஷம் ஆகுது. மத்த பிள்ளைங்க எல்லாம் போட்டுக்கிட்டா என் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

குளிர்பெட்டி
3 ஜூன், இரவு 10.05

இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. முதலாவதை முதலில் பார்ப்போம்.

முதல் ஊசி வேலை செய்கிறது, ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த எதிர்ப்புப் புரதம் குழந்தையின் ரத்தத்தில் சில மாதங்கள் இருக்கும். எம்.ஆர். என்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். அது உடம்புக்குள் கொஞ்சமாவது பெருகினால்தான் குழந்தையின் சொந்த எதிர்ப்புச் சக்தி பாடம் படிக்கும். தாயின் மிச்சம் இருந்தால், பெருகுவதற்குள்ளேயே அதை அழித்துவிடும். 9 மாதத்தில் போட்டால் 100-க்குச் சுமார் 85 பேருக்குப் பிடிக்கும். 12 மாதம் கடந்து போட்டால் 95-ஐ ஒட்டி வரும்.

அப்படியானால் 12 மாதம் வரை பொறுத்துப் போடலாமே என்றால், தட்டம்மை அதிகமாகக் கொல்வது கைக்குழந்தைகளைத்தான். அந்த மூன்று மாத இடைவெளியை நோய்க்கு விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று.

இரண்டாவது ஊசி யாருக்கு? பிடிக்காமல் போன அந்த 15 பேருக்கு. அவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது, எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதைவிட எல்லாருக்கும் ஊசி போடுவது மலிவு. ஏற்கெனவே பிடித்த பிள்ளைக்குப் போட்டால், இருக்கிற எதிர்ப்புச் சக்தி ஊசியில் வந்த வைரஸை அப்படியே முடித்துவிடும். கெடுதல் ஒன்றும் இல்லை.

குளிர்பெட்டி
3 ஜூன், இரவு 10.11

முத்தடுப்பூசி அப்படியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றிலும் கிடைத்த பாதுகாப்பு வருடம் போகப் போகத் தேயும். அங்கே 16 மாதம், 5 வயது, பிறகு 10, 16 வயதில் டி.டி. (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி) என்று போடுவது தேய்ந்ததை ஏற்றிவிட. எம்.ஆரின் இரண்டாவது ஊசி தவறிப்போனதைப் பிடிக்க. நர்ஸம்மா இரண்டையும் ஒரே நாளில் போடுவதால் எல்லாம் ஒரே காரணத்துக்கு என்று தோன்றுகிறது.

தாமிரபரணி
4 ஜூன், காலை 7.30

95 சதவீதம் பேர் போட்டுக்கொண்டால் தட்டம்மை பரவாது என்பார்கள். அவர் பிள்ளை மீதி 5-ல் இருந்துவிட்டுப் போகட்டுமே அண்ணே? சும்மா வாதத்துக்குக் கேட்கிறேன்.

குளிர்பெட்டி
4 ஜூன், காலை 8.50

வாதத்துக்கே கணக்குப் போடுவோம். 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 95 சதவீதம் பேர் வரிசையில் வந்து நின்றால் அது ஆகிவிடாது.

வருடத்துக்கு 100 குழந்தை பிறக்கிற ஒரு பகுதி. 95 பேருக்கு முதல் ஊசி போட்டாச்சு. பதிவேட்டைப் பார்த்தால் மனசு நிறையும். அதில் 85 சதவீதம் பிடித்தால் பாதுகாப்பு 81 பேருக்கு. மீதி 19. ஐந்து வருடத்தில் இந்த 19 ஐந்து முறை சேர்ந்து 95, கிட்டத்தட்ட ஒரு முழு வருடத்துப் பிள்ளைகள் அளவு. அதுவரை ஊரில் தட்டம்மையே இருக்காது; எல்லாரும் கரிசல்காடு மாதிரியே பேசுவார்கள். எங்கோ ஒரு திருவிழாவுக்குப் போய் வந்த ஒரு பிள்ளை போதும், மொத்தமும் பற்றிக்கொள்ளும்.

இப்போது இரண்டாவது ஊசியைச் சேருங்கள். அந்த 19-ல் 5 பேர் முதல் ஊசிக்கே வராதவர்கள், 14 பேர் வந்தும் பிடிக்காதவர்கள். 14-ல் 90 சதவீதம் பேர் இரண்டாவதுக்கு வந்தால் ஏறக்குறைய 12 பேருக்குப் பிடித்துவிடும். மீதி 7. ஐந்து வருடத்தில் 35. தீ பரவுவதற்கு விறகு அவ்வளவுதான்.

95 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். 18-ல் 17 பேர் ஏற்கெனவே பாதுகாப்பில் இருந்தால்தான் அவரால் ஒருவருக்கு மேல் கொடுக்க முடியாது. 17-ஐ 18-ஆல் வகுத்தால் 94.4.

அப்புறம் அந்த மீதி 5 பேர் சும்மா இருப்பவர்கள் இல்லை. 9 மாதம் ஆகாத குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிற பிள்ளை, கர்ப்பிணி. இவர்களுக்கு உயிருள்ள வைரஸ் ஊசி போடக் கூடாது அல்லது இன்னும் போட முடியாது. அந்த இடம் அவர்களுக்கு.

தாமிரபரணி
4 ஜூன், காலை 9.02

சரிதான், ரிசர்வேஷன் சீட்டு. துண்டு போட்டு இடம் பிடிக்க முடியாது.

குளிர்பெட்டி
4 ஜூன், மாலை 6.40

காலையில் போட்ட கணக்கு பிள்ளைகள் எல்லாரும் சீராகக் கலந்திருப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. உண்மையில் அப்படி இருப்பதில்லை. செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், போடவே மாட்டோம் என்கிற நாலு குடும்பம் ஒரே தெருவில் என்று தவறியவர்கள் சேர்ந்தே இருப்பார்கள். மாவட்ட சராசரி 96 என்று இருக்கும்போதே ஒரு சூளையில் 40 இருக்கலாம். நோய் சராசரியைப் பார்த்துப் பரவுவதில்லை. கிராம சுகாதார செவிலியரின் விடுபட்டவர் பட்டியல்தான் மாவட்ட சதவீதத்தைவிட உருப்படியான காகிதம்.

இன்னொன்று: 85 என்பது மாறாத எண் இல்லை. சின்ன வயதில் தட்டம்மை வந்து தேறிய தாய் குழந்தைக்கு நிறையக் கொடுத்தனுப்புவாள். அது நாள்பட நிற்கும். ஊசியால் மட்டுமே பாதுகாப்புப் பெற்ற தாய் கொடுப்பது குறைவு, சீக்கிரம் தீரும். ஆக இந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்கு 9 மாதத்தில் ஊசி கொஞ்சம் நன்றாகவே பிடிக்கலாம். ஆனால் 6 மாதத்திலிருந்து 9 மாதம் வரை அவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குச் சுற்றியிருக்கிற அண்ணன் அக்காக்களின் இரண்டாவது ஊசிதான் காவல்.

மேகமலை
5 ஜூன், காலை 11.20

எல்லாத் தடுப்பூசிக்கும் இந்த ஊர்க் காவல் கணக்கு உண்டா?

குளிர்பெட்டி
5 ஜூன், பகல் 1.15

இல்லை. ரணஜன்னி மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. கிருமி மண்ணில், சாணத்தில் இருக்கிறது. ஊரில் 999 பேர் போட்டிருந்தாலும் போடாத ஒருவர் காலில் துருப்பிடித்த ஆணி ஏறினால் அவருக்கு எவர் ஊசியும் உதவாது. கர்ப்பிணிக்கு டி.டி. போட்டால் குழந்தைக்கும் சேரும், அவ்வளவே. பி.சி.ஜி.யின் முக்கிய வேலை குழந்தையை மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்தும், உடம்பெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் காப்பது. பெரியவர் இருமிப் பரப்புவதை அது பெரிதாகத் தடுக்காது. போலியோ சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்குவதால் பரவலையும் தடுக்கும்; ஊசி போலியோ பிள்ளையை முடக்கத்திலிருந்து காக்கும், குடலில் அவ்வளவு பலம் காட்டாது. அதனால்தான் இங்கே இரண்டும் கொடுக்கிறார்கள்.

ரூபெல்லாவில்தான் சுவாரசியமான சிக்கல். அது தனியாக எழுத வேண்டியது.

குளிர்பெட்டி
5 ஜூன், இரவு 9.45

ரூபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, போய்விடும். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் தாய்க்கு வந்தால் 10-ல் 9 கருவரை பாதிக்கும். கண்புரை, இதய ஓட்டை, காது கேளாமை. 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் ஒரே சமயத்தில் பல பச்சைக் குழந்தைகளுக்குப் புரை இருப்பதைப் பார்த்து, தாய்மார்களை விசாரித்துத்தான் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார்.

சிக்கல் இது: ஊசியை அரைகுறையாகப் போட்டால் போடாமல் இருப்பதைவிட மோசமாகலாம். ஊசியே இல்லாத ஊரில் பெரும்பாலான பெண்களுக்குச் சின்ன வயதிலேயே நோய் வந்து போயிருக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் பரவல் குறையும், நிற்காது. போடாத மீதிப் பெண்கள் நோயைச் சந்திக்காமலேயே வளர்ந்து, 22 வயதில், கர்ப்பமாக இருக்கும்போது சந்திப்பார்கள். கிரீஸ் நாட்டில் நடந்தது இதுதான். 1970-களின் நடுவிலிருந்து ஊசி இருந்தது, போட்டுக்கொண்டவர்கள் போதவில்லை. 1993-ல் கொள்ளைநோயாக வெடித்து, பிறவிக் குறையோடு குழந்தைகள் பிறந்தன.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், 80 சதவீதமாவது எட்ட முடியும் என்றால் மட்டும் ரூபெல்லாவைச் சேருங்கள் என்று 2024 வரை சொல்லி வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவில் 9 மாதம் முதல் 15 வயது வரை ஒரே வீச்சில் போட்டதும் இதே காரணத்துக்குத்தான். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி ஏன் போடுகிறார்கள் என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஆயிரம் புரளி. இந்த ஒரு காரணத்தை யாரும் சரியாகச் சொல்லவில்லை. அது பிரசாரம் செய்தவர்களின் குறை என்றே நினைக்கிறேன். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆக கரிசல்காடு, உங்கள் பையனின் ஊசியில் பாதி அவனுக்கே இல்லை. பக்கத்து வீட்டு மருமகளுக்கு.

செம்பருத்தி
6 ஜூன், காலை 6.55

பிடிக்கல பிடிக்கலன்னு சொல்றீங்களே, மருந்து கெட்டுப் போயிருந்தா? எவ்வளவு ஐஸ் வெச்சுக் கொண்டு போறாங்களோ அவ்வளவு நல்லதுதானே?

குளிர்பெட்டி
6 ஜூன், காலை 8.10

இல்லக்கா, இங்கேதான் பலரும் சறுக்குவது. தடுப்பூசிக்குச் சூடு மட்டும் எதிரி இல்லை. பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), டி.டி., ஹெபடைட்டிஸ் பி, நிமோனியா ஊசி இவையெல்லாம் உறைந்தால் கெட்டுவிடும். இவற்றில் அலுமினிய உப்போடு மருந்து ஒட்டியிருக்கும். உறைந்தால் அந்தப் பிணைப்பு உடைந்து துகள் கட்டிவிடும். திரும்ப உருக்கினாலும் சேராது. சும்மா பார்த்தால் எளிதில் தெரியாது, போட்டால் வலிக்கும், பாதுகாப்பு தராது.

அதனால் டீப் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்கை எடுத்த கையோடு கேரியருக்குள் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்கும் வரை பொறுக்க வேண்டும். பிறகு நான்கு பக்கமும் நான்கு பேக், நடுவில் ஜிப் கவரில் மருந்து. காலை அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான்.

உறைந்ததா என்று சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை. அதே பேட்ச்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே இரவு முழுக்க உறைய வைத்து, உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உறைந்தது அரை மணிக்குள் அடியில் வண்டல் கட்டும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் வண்டல் கட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊசி போலியோவுக்கு இந்தச் சோதனை செல்லாது, அதில் அலுமினியம் இல்லை.

எம்.ஆர். நேரெதிர். உலர்பொடி, உறைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வெயிலும் வெளிச்சமும்தான் ஆகாது, அதனால்தான் பழுப்புக் கண்ணாடிக் குப்பி. ஆனால் அதோடு வரும் கரைப்பான் ஆம்பூல் உறைந்தால் விரிசல் விடும்.

குளிர்பெட்டி
6 ஜூன், காலை 8.22

ஐ.எல்.ஆர். (சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டி) 2 முதல் 8 டிகிரி, காலையும் மாலையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அதற்குள் தயிர், மல்லிகைப்பூ, யாரோ ஒருவரின் இன்சுலின் எதற்கும் இடமில்லை. சின்ன கிளினிக்கில் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எந்தத் தட்டு என்று கேளுங்கள். கதவுத் தட்டு சூடேறும். ஃப்ரீசருக்குக் கீழே ஒட்டிய தட்டு உறையும். பக்கத்துத் தட்டில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் கேள்வி கேட்காமலே வேறு இடம் பாருங்கள்.

மேகமலை
6 ஜூன், இரவு 8.30

கரைப்பான் என்பது வெறும் தண்ணீர்தானே, அதில் என்ன தவறும்?

குளிர்பெட்டி
6 ஜூன், இரவு 10.20

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

சமோவா தீவு, 2018 ஜூலை. இரண்டு குழந்தைகள் ஊசி போட்ட சில நிமிடத்தில் இறந்தன. தடுப்பூசியில் குறையில்லை. பொடியைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதில் தசை தளர்த்தும் மயக்க மருந்தை எடுத்துவிட்டார்கள். அரசு அந்த எம்.எம்.ஆர். (எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த ஊசி) திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது. முதல் தவணை போட்டவர்கள் 31 சதவீதமாகச் சரிந்தார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்து, சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, 83 சாவு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். டிசம்பரில் நாட்டையே இரண்டு நாள் மூடி, போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள்.

நம் பக்கமும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமத்துக்கே போய்ப் போடுவதை நிறுத்தி, சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போட்டார்கள். முழுத் தடுப்பூசி பெற்ற 12–23 மாதக் குழந்தைகள் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06-ல் 81 சதவீதம், 2015-16-ல் 70, 2019-21-ல் 89. அந்தச் சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு ஒரு புதன்கிழமை போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. தூரம் கூடினால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

ஆகவே விதிகள்: அந்த மருந்தைச் செய்த கம்பெனியே அதற்கென அனுப்பிய கரைப்பான் மட்டும். ஐ.எல்.ஆரில் தடுப்பூசியும் அதன் கரைப்பானும் தவிர வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது. கரைப்பானை 24 மணி நேரம் முன்பே குளிரில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே வைரஸ் செத்துவிடும். 5 டோஸ் குப்பிக்கு 2.5 மி.லி. கரைத்த நேரத்தைக் குப்பி மேல் எழுத வேண்டும். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியபடி விடக் கூடாது. 4 மணி நேரம், அல்லது அன்றைய அமர்வு முடியும் வரை, எது முன்னால் வருகிறதோ அதோடு சரி.

இந்த 4 மணி கறாரானது. பென்டா, டி.டி. குப்பியைத் திறந்தாலும் சரியாக வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். கிருமி வளராமல் இருக்க அதில் மருந்து சேர்த்திருக்கிறது. எம்.ஆரில் அப்படிச் சேர்த்தால் உயிருள்ள வைரஸும் சாகும், அதனால் கிடையாது. ஒரு துளி அழுக்கு உள்ளே போனால் அதில் பெருகும் பாக்டீரியாவின் நஞ்சு ஒன்றிரண்டு நாளில் குழந்தையைக் கொன்றுவிடும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், அன்று அதே குப்பியில் போட்ட பிள்ளைகளுக்கு ஒருசேர வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மீதி நாலு டோஸ் வீணாகுதே என்று வருத்தப்படக் கூடாது. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறந்து போடு என்பதே அரசு விதி.

செம்பருத்தி
7 ஜூன், காலை 7.05

அப்ப போட்டுக்கப் போற நாங்க என்னத்தப் பாக்கணும்? நர்ஸ்கிட்ட சண்டைக்கா நிக்க முடியும்?

குளிர்பெட்டி
7 ஜூன், காலை 9.30

சண்டை வேண்டாம், மூன்று பார்வை போதும். எம்.ஆர். குப்பியின் மூடி மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் நல்ல மருந்து. ஒரே நிறமாகவோ கருத்தோ இருந்தால் சூடு பட்டுவிட்டது, வேண்டாம். திறந்த குப்பியானால் நேரம் எழுதியிருக்கிறதா. சிரிஞ்சை உங்கள் முன்னால் கவரிலிருந்து எடுக்கிறார்களா. அது ஒரு தடவை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகம், மறுமுறை இழுக்க வராது.

போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். மிக அரிதாக வருகிற கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும். அதற்கான மருந்து அட்ரினலின் அங்கேதான் இருக்கும், பஸ்ஸில் இருக்காது.

காய்ச்சல் எப்போது வரும் என்பதில் குழப்பம் உண்டு. பென்டா, முத்தடுப்பூசிக்கு அன்றிரவே, இரண்டு நாளில் போய்விடும். எம்.ஆருக்கு 5-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாளுக்குள், சில சமயம் லேசான தடிப்போடு. ஊசி வைரஸ் பெருகுகிற நேரம் அது. அதற்குள் ஊசியையே மறந்திருப்பார்கள், வேறேதோ காய்ச்சல் என்று ஓடுவார்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு எடைக் கிலோவுக்கு 10–15 மி.கி.; வருமுன்பே கொடுத்து வைக்க வேண்டாம்.

சளி, லேசான பேதி, மெலிந்த உடம்பு, முட்டை ஒத்துக்கொள்ளாதது எதுவும் தள்ளிப்போடக் காரணம் இல்லை. மெலிந்த பிள்ளைக்குத்தான் முதலில் போட வேண்டும்.

தாமிரபரணி
8 ஜூன், இரவு 9.15

எங்கள் பக்கம் மணல்வாரி (தட்டம்மைதான்) வந்தால் வேப்பிலை கட்டி, வெளியே சொல்லாமல் வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் தண்ணி ஊத்தினால் தீர்ந்தது என்பார்கள்.

குளிர்பெட்டி
8 ஜூன், இரவு 10.40

வேப்பிலை கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளையைத் தனியே வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் தடிப்புக்கு 4 நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கியிருக்கும், அதாவது வெறும் சளி காய்ச்சல் என்று அங்கன்வாடிக்கு அனுப்பியபோதே. நோயாளி எழுந்து போன அறையில் 2 மணி நேரம் வரை காற்றில் கிருமி இருக்கும்.

அடையாளம்: மூன்று நான்கு நாள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண். பிறகு காதுக்குப் பின்னால், நெற்றி முடியோரத்தில் தடிப்பு ஆரம்பித்துக் கீழே இறங்கும். நீர்க்கொப்புளமாக இருந்தால் அது சின்னம்மை. தட்டம்மை என்று சந்தேகம் வந்தால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ரத்தம் எடுத்து அனுப்புவார்கள், கூடவே வைட்டமின் ஏ கிடைக்கும். ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6–11 மாதத்துக்கு 1 லட்சம், அடுத்தடுத்த இரண்டு நாள். கண் பார்வையையும் உயிரையும் காக்கிற மருந்து அது. அதே வீட்டில் ஊசி போடாத பிள்ளை இருந்தால், தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டாலும் பலன் உண்டு.

தண்ணி ஊத்தினதோடு தீர்வதும் இல்லை. தட்டம்மை வைரஸ், பழைய நோய்களை நினைவு வைத்திருக்கும் செல்களையே தாக்குகிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத பிள்ளைகளிடம் நோய்க்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. மற்றக் கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதத்தில் 11 முதல் 73 சதவீதம் காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கிய பிள்ளை அடுத்த மாதம் நிமோனியாவில் படுப்பது இதனால்தான்.

கரிசல்காடு
9 ஜூன், காலை 6.20

புதன்கிழமை கூட்டிட்டுப் போறேன். இன்னொரு சந்தேகம். அக்கா பொண்ணுக்கு 3 வயசு, திருப்பூர்ல இருந்து மாறி வந்தாங்க. அட்டை தொலைஞ்சு போச்சு. 9 மாச ஊசி போட்ட ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் எதுவும் ஞாபகம் இல்லையாம். முதல்ல இருந்து எல்லாத்தையும் போடணுமா?

குளிர்பெட்டி
9 ஜூன், காலை 7.45

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், முதலிலிருந்து இல்லை. எம்.ஆர். 5 வயது வரை போடுவார்கள். முதல் தவணைக்குச் சான்று கிடைத்தால் இப்போது ஒன்றே ஒன்று. சான்று இல்லையென்றால் போடாதது போலவே வைத்து இன்று ஒன்று, குறைந்தது 4 வாரம் கழித்து ஒன்று. கூடுதலாக ஒன்று விழுந்தாலும் கெடுதல் இல்லை. முத்தடுப்பூசி 7 வயது வரை போடலாம், ஒரே நாளில் வேறு கையிலோ தொடையிலோ. பி.சி.ஜி. ஒரு வயதோடு முடிந்தது, அதைத் தேட வேண்டாம்.

அட்டைக்கு முன் பிக்மி எண்ணைக் கேளுங்கள். கர்ப்பப் பதிவின்போது கொடுத்தது, பழைய ஸ்கேன் தாளிலோ பிரசவ டிஸ்சார்ஜ் தாளிலோ எழுதியிருக்கும். அந்த எண் இருந்தால் திருப்பூரில் என்னென்ன போட்டார்கள் என்று உங்கள் நர்ஸம்மாவே பார்த்துச் சொல்வார்.